படைப்பணியிலிருந்து தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணிக்கு: கடலூர், புதுச்சேரி முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது. வேலைக்கான விதியும் அங்கேயே மாறுகிறது. தமிழ்நாட்டில் தீயணைப்பாளரைத் தேர்வு செய்வது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் அங்கே தீயணைப்புத் துறையே அறிவிக்கை விட்டு ஆள் எடுக்கிறது. முன்னாள் படைவீரருக்கான வயதுத் தளர்வு மத்திய அரசின் வழியில் போகும். புதுச்சேரிப் பக்கம் பாகூரில் வீடும் கடலூரில் சொந்தபந்தமும் இருப்பவர் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: உங்கள் இருப்பிடச் சான்று எந்தப் பக்கம் நிற்கிறது? அதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம்.

படையில் கற்ற உடல் வலிமை, கட்டுப்பாடு, இரவுக் காவல், முதலுதவி எல்லாம் இந்தப் பணிகளுக்கு நேரடியாக உதவும். ஆனாலும் தகுதியுள்ள பலர் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். ஒன்று காகிதம். இன்னொன்று, போர்க்களத்துக்குச் சரியாக இருந்து ஊருக்குள் தவறாகிப்போகும் சில கைப்பழக்கங்கள். இந்த இரண்டுக்கும்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் வயதையும் டிரேடையும் (படையில் செய்த பணிப்பிரிவு) பாருங்கள்

அக்னிபத் என்னும் குறுகிய காலப் படைச்சேர்ப்புத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடித்து வரும் அக்னிவீரருக்கு வயது பெரும்பாலும் 21 முதல் 25 வரை இருக்கும். அவருக்கு எல்லா வாசலும் திறந்திருக்கிறது. ஆனால் ஒன்றை மனதில் நிறுத்த வேண்டும்: அக்னிபத் திட்டத்தில் வந்தவருக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது. மாநிலத் தேர்வில் அந்தக் கட்டத்தில் டிக் போட்டு விண்ணப்பித்தால், சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே அனுப்பிவிடுவார்கள். பொதுப் போட்டியாளராகவே விண்ணப்பியுங்கள். அதே சமயம் சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை) உள்ளிட்ட மத்தியப் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்குத் தனி ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் இருக்கின்றன. சி.ஐ.எஸ்.எஃப்-இல் தீயணைப்புக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அதன் கான்ஸ்டபிள் பணிக்கு அறிவியல் பாடத்துடன் பிளஸ் டூ வேண்டும்.

முப்பத்தைந்து, நாற்பது வயதில் நாயக்காகவோ ஹவில்தாராகவோ வருபவருக்குத் தமிழ்நாட்டுத் தீயணைப்பாளர் பணிதான் நேரான வழி. 2023 அறிவிக்கையில் முன்னாள் படைவீரருக்கு உச்ச வயது 47. ஒதுக்கீடு 5 சதவீதம். இவர்களுக்கு 108 சேவையின் ஓட்டுநர், மருத்துவ உதவியாளர் பணி பெரும்பாலும் கைகொடுக்காது. அங்கே முகாம் விளம்பரங்களில் கேட்கும் வயது உதவியாளருக்கு 19 முதல் 30, ஓட்டுநருக்கு 24 முதல் 35. விளம்பரத்தில் முன்னாள் படைவீரருக்குத் தளர்வு எழுதியிருந்தால் தவிர, முகாமுக்குப் போய் வெயிலில் நிற்க வேண்டாம்.

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக, கடற்படையிலோ விமானப்படையிலோ மெடிக்கல் அசிஸ்டென்டாக இருந்தவர்களின் நிலை வேறு. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

டிஸ்சார்ஜுக்கு ஓராண்டு முன்: பெயர் என்னும் பெரிய தலைவலி

தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய சிக்கல் இது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் கே. முருகன். படையில் சேர்ந்தபோது முதலெழுத்தை விரித்து முருகன் கந்தசாமி என்று எழுதிவிட்டார்கள். ஆதாரில் முருகன் கே. வங்கிப் புத்தகத்தில் வேறொன்று. படைக்குள் இருக்கும்வரை சர்வீஸ் நம்பர் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும். வெளியே வந்ததும் அந்த நம்பரைக் கேட்க ஆளில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருப்பவரும் மதிப்பெண் சான்றிதழில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

சரிசெய்யும் இடம் உங்கள் பணிப்பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ். எம்.இ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் பிரிவு) என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். யூனிட் வழியாக பார்ட் டூ ஆர்டர் (பணிப்பதிவேட்டில் மாற்றம் செய்யும் ஆணை) போட்டுப் பெயர், பிறந்த தேதி, மனைவி மக்கள் பெயர் ஆகியவற்றைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். பணியில் இருக்கும்போது இது ஒரு கிளார்க் மேஜையில் முடிகிற வேலை. டிஸ்சார்ஜுக்குப் பிறகு அதே வேலைக்கு உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு, பல மாத அலைச்சல். அதற்குள் தேர்வு அறிவிக்கை வந்து போயே போய்விடும். பென்ஷன் ஆணையிலும் ஸ்பர்ஷ் என்னும் இணையவழிப் பென்ஷன் கணக்கிலும் அதே எழுத்துக்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

அடுத்தது ஓட்டுநர் உரிமம். படையில் பத்தாண்டு மூன்று டன் வண்டி ஓட்டியிருக்கலாம். ஆனால் தேர்வுக்குழு பார்ப்பது ஆர்.டி.ஓ. கொடுத்த உரிமத்தில் அச்சான தேதியை. 108 ஓட்டுநருக்கு இலகுரக உரிமம் எடுத்து மூன்று ஆண்டும் பேட்ஜ் (பொதுப் பயன்பாட்டு வண்டி ஓட்டும் அனுமதி) எடுத்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. டிஸ்சார்ஜ் ஆன மாதத்தில் உரிமம் எடுப்பவர் அந்தக் காலம் முழுவதும் சும்மா காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே பணியில் இருக்கும்போதே, ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வரும் சமயம், படைப்பிரிவு கொடுத்த ஓட்டுநர் சான்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் சிவில் உரிமம் எடுத்துவிடுங்கள். முடிந்தால் கனரக உரிமமும் சேர்த்து. தீயணைப்பு வண்டிக்கும் விமான நிலைய வேலைக்கும் அதுதான் பெரிய சாவி.

கடைசி ஓராண்டில் டி.ஜி.ஆர். (பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம்) நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரிகளுக்கும் கட்டணம் இல்லை. தீ மற்றும் தொழிற்பாதுகாப்புப் படிப்புகளும் அந்தப் பட்டியலில் வரும். இதைக் கைவிட்டு, வெளியே வந்தபின் தனியார் நிலையத்தில் பணம் கட்டிப் படிப்பவர்கள் நிறையப் பேர். அப்படிக் கட்டத்தான் போகிறீர்கள் என்றால் நிலையத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சான்றிதழின் பெயர் எந்த அரசு அறிவிக்கையில் தகுதியாக அச்சாகியிருக்கிறது, காட்டுங்கள்." காட்ட முடியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தனியார் ஆலைகள் சில ஆறு மாத, ஓராண்டு டிப்ளமோவை ஏற்கலாம். அரசுப் பணிக்கு அது பெரும்பாலும் வெறும் காகிதம். அதிகாரி நிலைக்குப் போக விரும்புபவருக்கு மதிப்புள்ள இடம் நாக்பூரில் உள்ள தேசிய தீயணைப்புப் பணிக் கல்லூரி.

ஊர் வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்குங்கள். வேலைவாய்ப்புப் பதிவும் அங்கேயே. புதுச்சேரிவாசி என்றால் அங்குள்ள சைனிக் நலத்துறை. டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும், மருத்துவப் பிரிவு ஷேப்-ஒன் (முழு உடல்தகுதி) என்று எழுதிய பக்கத்தையும் நடத்தை பற்றிய பக்கத்தையும் விடாமல், ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: முன்னாள் படைவீரர் சலுகையை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். அவசரப்பட்டு ஏதோ ஒரு அரசு வேலையில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டால், பிறகு தீயணைப்பு அறிவிக்கை வரும்போது ஒதுக்கீடு கேட்க முடியாது. மத்திய அரசுப் பணிகளில் மட்டும் ஒரு வழி இருக்கிறது. முதல் வேலையில் சேரும்போதே, ஏற்கெனவே எந்தெந்தப் பணிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று தேதியோடு எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். 2014 ஆகஸ்ட்டில் வந்த ஆணை இது. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.

தமிழ்நாடு தீயணைப்பாளர் தேர்வு

இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே பொதுத்தேர்வு. 2023இல் மொத்தம் 3,359 இடங்கள் அறிவித்தார்கள். அதில் தீயணைப்பாளர் 674. கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. ஊதியம் 18,200 முதல் 67,100 வரையிலான நிலையில்.

எழுத்துத் தேர்வு ஒரே நாளில் இரண்டு பகுதியாக நடக்கும். முதல் பகுதி தமிழ்மொழித் தகுதித் தேர்வு: 80 கேள்வி, 80 மதிப்பெண், 40 சதவீதம், அதாவது 32 எடுக்க வேண்டும். இதில் தவறினால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பதினேழு ஆண்டு இந்தியிலேயே ரிப்போர்ட் கொடுத்துப் பழகிய ஒருவருக்கு உண்மையான தடை ஓட்டமல்ல, இந்தப் பகுதிதான். சந்திப்பிழை, எதிர்ச்சொல், பிரித்தெழுதுக, திருக்குறள் எல்லாம் பள்ளியோடு மறந்துபோயிருக்கும். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களை வரிசையாக வாசியுங்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வைத்தால் மூன்று மாதத்தில் பழைய பிடி வந்துவிடும். இரண்டாம் பகுதியில் 70 கேள்வி: பொது அறிவு 45, உளவியல் 25. குறைந்தது 25 மதிப்பெண் வேண்டும். உளவியல் என்று பெயர் இருந்தாலும் எண் தொடர், தருக்கம், திசை, உறவுமுறைக் கணக்குகள்தான் வரும். வரைபடமும் பேரிங்கும் (திசைக் கோணம்) பார்த்துப் பழகியவர்களுக்குத் திசைக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு.

தரவரிசை மொத்தம் 100க்கு: எழுத்து 70, உடல்திறன் 24, என்.சி.சி. போன்ற சிறப்பு மதிப்பெண் 6.

உடல் தேர்வில் பொதுப் பிரிவு ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். முன்னாள் படைவீரருக்கு 8 நிமிடம். 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 128 வினாடி. பூட்ஸோடு ஐந்து கிலோமீட்டர் பி.பி.இ.டி. (படையின் போர் உடல்திறன் தேர்வு) ஓடியவருக்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பின் ஓராண்டு வீட்டுச் சாப்பாடும் ஓய்வுமாக இருந்த உடல் முதல் சுற்றிலேயே வேகத்தை வாரி இறைத்துவிட்டு மூன்றாம் சுற்றில் தவித்து நிற்கும். சுற்று ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் வைத்து ஓடிப் பழகுங்கள்.

தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் மட்டும் ஓடிப் பழகுவது இங்கே பலர் செய்யும் தவறு. மணலில் குதிகால் ஆழமாக இறங்கும். நாற்பது வயதில் குதிகால் நரம்பு இழுத்துக்கொண்டால் ஆறு வாரம் போச்சு. வாரத்தில் ஒருநாள் மணல், மற்ற நாள் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத் தடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல், குறுந்தூர ஓட்டம் போன்றவற்றில் பிரிவுக்கு ஏற்ப அளவு மாறும். அறிவிக்கையில் முன்னாள் படைவீரருக்கென்று தனி அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையை மட்டும் பார்த்துப் பயிற்சி செய்யுங்கள். மருத்துவச் சோதனையில் பார்வையும் நிறம் பிரித்தறிவதும் முக்கியம். அதை வீட்டருகே ஒரு கண் மருத்துவரிடம் இப்போதே பார்த்துவிடலாம்.

பட்டம் இருந்தால் நிலைய அலுவலர் தேர்வையும் எழுதுங்கள். 2023இல் சார்பு ஆய்வாளர் தேர்வோடு சேர்த்து 129 நிலைய அலுவலர் இடங்கள் வந்தன. தேர்ந்தவர்களுக்குப் பயிற்சி தருவதில் தாம்பரம் மாநிலப் பயிற்சி மையத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

புதுச்சேரி, விமான நிலையம், ஆலைகள்

புதுச்சேரி அறிவிக்கையில் வயதுக் கணக்கு வேறு. மத்திய விதிப்படி உங்கள் இன்றைய வயதிலிருந்து படையில் பணியாற்றிய ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். வரும் எண், உச்ச வயதைவிட மூன்றாண்டுக்கு மேல் கூடாமல் இருந்தால் போதும். 38 வயதில், 17 ஆண்டு பணி முடித்தவரின் கணக்கு வயது 21. ஆக வயது தடையல்ல. இருப்பிடச் சான்றுதான் தடை. பதினைந்து ஆண்டு பணி முடித்த மெட்ரிக் (பத்தாம் வகுப்பு) தகுதியாளரை, தொழில்நுட்பக் கல்வி தேவைப்படாத குரூப் சி பணிகளில், பட்டதாரிக்கு இணையாக ஏற்கும் விதியும் மத்திய அரசில் உண்டு. அதற்கான சான்றை ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் அசிஸ்டென்ட் தீயணைப்புப் பணி நல்ல ஊதியம் தருவது: 31,000இல் தொடங்கி 92,000 வரை. பிளஸ் டூ, அல்லது பத்தாம் வகுப்போடு இயந்திரவியல், ஆட்டோமொபைல், தீயணைப்பு ஆகியவற்றில் ஒன்றில் மூன்றாண்டு டிப்ளமோ. கூடவே ஓட்டுநர் உரிமம். உயரம் 167 செ.மீ. ஆளைத் தோளில் தூக்கி ஓடுவது, ஏணி, கம்பம், கயிறு ஏறுவது என்று தேர்வு முழுக்க உடலுழைப்பு. பயிற்சி 18 வாரம். கடற்படையில் விமானம் கையாளும் பிரிவில் இருந்தவர்களுக்கு இது கைவந்த கலை.

தனியார் துறையில் பக்கத்திலேயே இருப்பவை கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகள். நெய்வேலி என்.எல்.சி.யும் அருகில். ஆலைகளில் தீயணைப்பாளர் ஒருவரே முதலுதவியும் பார்க்க வேண்டியிருக்கும். 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, 500 பேரைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் அறை என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. நேர்காணலில் இதைத் தெரிந்து பேசுபவருக்கு மரியாதை கூடும். வேலையில் சேருமுன், நியமனம் ஆலையின் பெயரிலா ஒப்பந்ததாரர் பெயரிலா, வைப்பு நிதி எந்தத் தேதியிலிருந்து, மூச்சுக்கருவி தருகிறார்களா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மூச்சுக்கருவி இல்லாத ரசாயன ஆலையில் தீயணைப்பாளராகச் சேர வேண்டாம். சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் சரி.

108 மற்றும் மருத்துவ உதவிப் பணி

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15இல் தொடங்கியது. மருத்துவ உதவியாளருக்கு நர்சிங், டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக டிப்ளமோ), அல்லது விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் போன்ற உயிர் அறிவியல் பட்டங்களைக் கேட்கிறார்கள். எழுத்துத் தேர்வு, உடற்கூறு மற்றும் முதலுதவி பற்றிய நேர்காணல், மனிதவளத் துறை நேர்காணல் என்று போகும். தேர்ந்தால் வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் மூன்றிலுமாக 50 நாள் பயிற்சி. ஓட்டுநருக்குப் பத்தாம் வகுப்பும் 162.5 செ.மீ. உயரமும் வேண்டும், சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும், பயிற்சி 10 நாள். வேலை 12 மணி நேர ஷிஃப்ட், பகலும் இரவும் மாறி மாறி.

நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவர்களுக்கு ஒரு கசப்பான உண்மை. நீங்கள் சியாச்சினிலேயே ஐ.வி. போட்டிருக்கலாம், வெளியே அந்த அனுபவம் தானாகப் பதிவுத் தகுதியாக மாறாது. 2021இல் வந்த இணைச் சுகாதாரத் தொழில்முறைச் சட்டம், இணைச் சுகாதாரப் பணியாளர் என்பதற்குக் குறைந்தது 2,000 மணி நேரக் கல்வியைக் கேட்கிறது. அவசர மருத்துவத் தொழில்நுட்பரும் அதன் பட்டியலில் இருக்கிறார். இப்போது கைகொடுப்பது, சுகாதாரத் திறன் கவுன்சில் வழியாக முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் தேர்வு எழுதி அவசர மருத்துவ உதவியாளர் சான்றிதழ் வாங்குவது. இன்னும் பணியில் இருப்பவர், நீங்கள் படித்த ஒவ்வொரு கோர்ஸின் பெயர், மணி நேரம், தேர்ச்சி ஆகியவற்றை எழுதிக் கையொப்பத்தோடு வாங்கிவிடுங்கள். "மெடிக்கல் டிரேட், கிளாஸ் ஒன்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு வெளியே யாரும் எதையும் கணக்கிட முடியாது. வயது இருப்பவர், பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருந்தால், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பப் பட்டத்தை யோசிக்கலாம்.

களத்தில் மாற்றிக்கொள்ள வேண்டிய கைகள்

வேலை கிடைத்த பின்தான் இந்தப் பகுதி. ஆனால் இதை இப்போதே படிக்க வேண்டும், ஏனென்றால் உயிர் போவது இங்கேதான்.

படையில் கொடுத்த என்.பி.சி. முகமூடி (அணு, உயிரி, ரசாயனத் தாக்குதலுக்கானது) காற்றை வடிகட்டும், ஆக்ஸிஜனைத் தராது. புகை நிறைந்த அறையிலோ பாழுங்கிணற்றிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆக்ஸிஜனே இல்லாதபோது வடிகட்டி எதை வடிகட்டும்? முகமூடி பழக்கத்தில் துணிச்சலாக உள்ளே இறங்குவது இரண்டாவது உடலைத்தான் கூட்டும். அங்கே வேண்டியது காற்று உருளையைச் சுமந்து செல்லும் மூச்சுக்கருவி. கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்: 6 லிட்டர் உருளை, 300 பார் அழுத்தம் என்றால் 1,800 லிட்டர் காற்று. 50 பார் மீதியை வெளியே வருவதற்கு ஒதுக்கினால் 300 லிட்டர் போக 1,500. கடும் வேலையில் நிமிடத்துக்கு 60 லிட்டர் செலவானால் 25 நிமிடம். அந்த 25இல் போக எவ்வளவு, திரும்ப எவ்வளவு என்று நுழையும்போதே முடிவாக வேண்டும். காற்று குறைந்துவிட்டது என்று கருவியின் விசில் ஊதியபின் "இன்னும் ஒரு அறை" என்று நினைக்கவே கூடாது.

தண்ணீருக்கும் இதே கணக்கு. வண்டியில் 4,500 லிட்டர். ஒரு குழாய்முனை நிமிடத்துக்கு 450 லிட்டர் குடித்தால் பத்தே நிமிடம். இரண்டு முனை என்றால் ஐந்து. ஆகவே வண்டி நின்றதும் ஒருவருடைய கண் தீயைப் பார்த்தால் இன்னொருவருடைய கண் ஏரி, குளம், போர்வெல் மோட்டார் எங்கே என்று தேட வேண்டும். சேர்ந்த முதல் மாதத்தில் உங்கள் நிலைய எல்லைக்குள் லாரி போய் நிரப்பக்கூடிய இடங்களை நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். கோடையில் எது வற்றும் என்பதையும் ஊர்க்காரரிடம் கேட்டுக் குறியுங்கள்.

மீனவர் குடியிருப்பில் கூரை வீடு பற்றினால், எரிகிற வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தெருவே போய்விடும். காற்று போகும் பக்கத்து வீடுகளின் கூரையை முதலில் நனைத்துவிடுங்கள், தேவையானால் கொக்கி போட்டு இழுத்துத் தள்ளுங்கள். உள்ளே 14.2 கிலோ சிலிண்டர் இருக்கிறதா என்று வீட்டம்மாவிடம் கேளுங்கள். வால்விலிருந்து கேஸ் எரிந்துகொண்டிருந்தால், வால்வை மூட வழியில்லாதவரை அந்தச் சுடரை அணைக்கக் கூடாது. உருளையைத் தண்ணீரால் குளிரவைத்தால் போதும். சுடர் அணைந்து கேஸ் மட்டும் பரவினால், அது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு ஓடி அடுத்த வீட்டு அடுப்பில் போய்ப் பிடிக்கும்.

சிப்காட் பக்கம் வாயுக் கசிவு என்றால் காற்றுத் திசைதான் முதல் உத்தரவு. கடலோர ஊர் என்பதால் பொதுவாகப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து ஊரை நோக்கி வீசும். இரவு பின்னேரத்தில் நிலக்காற்று கடல் பக்கம் திரும்பும். பகலில் வந்த அதே வழியில் இரவும் வண்டியை விடக் கூடாது. கொடி, புகைபோக்கி, மரக்கிளை எதையாவது பார்த்துக் காற்று வரும் பக்கத்திலிருந்து நெருங்குங்கள்.

வெள்ளத்தில் சாப்பர்களுக்கு (படையின் பொறியாளர் பிரிவினர்) நிகர் யாருமில்லை. 2015இலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகியபோதும் கடலூர்ப் பகுதி பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். படகு ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. ஆட்டையும் மாட்டையும் விட்டு வர மறுக்கும் பாட்டியிடம் உத்தரவு செல்லாது. "ஆயா, ஆட்டை மேட்டுல கட்டிட்டு வர்றேன், நீங்க முதல்ல ஏறுங்க" என்று ஒருவர் நின்று பேச வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவு என்று நினைக்காதீர்கள். தண்ணீரில் கிடப்பவரைப் படகுக்குள் இழுக்குமுன் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பதும் மறக்கக் கூடாது.

ஆம்புலன்ஸில் பெரிய மாற்றம் டூர்னிகே, அதாவது ரத்தத்தை நிறுத்தக் கைகாலில் இறுக்கும் பட்டை. படையில் கைகால் ரத்தம் என்றால் கை தானாக அதற்குப் போகும். சாலை விபத்தில் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தத்துக்கு அது இங்கும் சரிதான்: காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே கட்டி, நேரத்தை எழுதுங்கள். ஆனால் பாம்புக்கடிக்கு அதைக் கட்டவே கூடாது. விஷத்தை நிறுத்தாது, காலைத்தான் அழுகவைக்கும். கடிபட்ட கையோ காலோ அசையாமல் சிம்பு வைத்துக் கட்டி, மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றி, கடித்த நேரத்தைக் குறித்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் இரவில் தூக்கத்தில் கடிக்கும், பல் தடம்கூடத் தெரியாது. தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து, இமை சரிந்து, பேச்சுக் குழறினால் அதை நினையுங்கள். மூச்சு தளரலாம் என்பதால் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையைக் கையில் வைத்தபடியே பயணம் செய்யுங்கள்.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் பூச்சிமருந்து குடித்த கேஸ் வரும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் நுரையும் உடலெல்லாம் வியர்வையுமாக இருப்பார். கையுறை போட்டுக்கொண்டு, நனைந்த துணியை வெட்டி எடுத்து, தோலைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவையுங்கள். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வண்டியின் ஜன்னலைத் திறங்கள். மூடிய வண்டியில் அந்த ஆவி உங்களையும் மயக்கும். மருந்து பாட்டிலைப் பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அந்த லேபிள்தான் பாதி நோயறிதல்.

படையில் பிரசவம் பார்த்திருக்கவே மாட்டீர்கள். இங்கே அது வழக்கமான அழைப்பு. குழந்தை வந்ததும் நன்றாகத் துடைத்து, தாயின் மார்போடு தோல் தொட வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தொப்புள்கொடியை உடனே வெட்ட ஓடக் கூடாது. 50 நாள் பயிற்சியில் பிரசவ அறையில் நிற்கும் நாட்களில் வெட்கப்பட்டு ஓரமாக நிற்பவர்தான் பின்னால் வண்டியில் தடுமாறுவார். மார்பு அழுத்தமும் அப்படியே: 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120, முப்பதுக்கு இரண்டு மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். உடல் வலுவுள்ளவர்கள் மாற மறுக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமலேயே ஆழம் குறைந்துவிடுகிறது.

நிலையத்துக்குள்

நாற்பது வயது ஹவில்தாருக்கு இருபத்தைந்து வயது நிலைய அலுவலர் உத்தரவு போடுவார். முன்னணித் தீயணைப்பாளர் வயதில் தம்பியாக இருப்பார். "எங்க யூனிட்டுல" என்று தொடங்கும் வாக்கியங்களை முதல் ஆறு மாதம் பையில் வைத்திருங்கள். முடிச்சு போடுவதில், ஏணி தூக்குவதில், கருவிகளைத் துடைத்து அடுக்குவதில் உங்கள் கை பேசட்டும். மற்றவர்களே வந்து கேட்பார்கள். சேருமுன்னரே பழகிக்கொள்ள விரும்பினால் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரத்தில் நிலையத்துக்குப் போங்கள். செயல்விளக்கம் காட்டுவார்கள், நின்று பேசுவார்கள். பேரிடர் தன்னார்வலருக்கான ஆப்த மித்ரா 12 நாள் பயிற்சியும் உள்ளூர் அதிகாரிகளைத் தெரிந்துகொள்ள நல்ல வழி.

படையில் இழப்பு நேர்ந்தால் மொத்த யூனிட்டும் சேர்ந்து சுமக்கும். இங்கே குளத்திலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஷிஃப்ட் முடிந்து, பேருந்து ஏறித் தனியாக வீட்டுக்குப் போவீர்கள். அன்றே கூட வந்தவரோடு ஒரு டீக்கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்து நடந்ததைப் பேசிவிட்டுப் போங்கள். வீட்டில் மனைவியிடம் "இன்று கடினமான கேஸ்" என்று ஒரு வரியாவது சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், சைரன் கேட்டாலே கை நடுங்கினால், 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சாதாரணமாகப் பேசுவதுபோல நிலைய அலுவலரிடமும் சொல்லி வையுங்கள். அடுத்த அழைப்பில் அவர் உங்களை எந்தக் குழாயில் நிறுத்துவது என்று யோசிக்க அது உதவும்.